எண்ணுக்கு உருக்கொடுத்தல்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மேடையில் கணிப்பொறிப் பாடம் ஒன்றைப் பற்றிய உரையா என்று கவிஞர்கள் வியக்கக்கூடும். உவமையைக் கையாளும் எவர்க்கும் இப்பாடம் அயலானது அன்று.

அண்ணா பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டு வகுத்த பாடத்திட்டத்தில், கணிப்பொறி அறிவியல் பயிலும் பொறியியல் மாணவர்க்குத் தரவு அறிவியலின் அடிப்படைகள் என்றொரு பாடம் வைக்கப்பட்டது. அதன் ஐந்தாம் அலகு தரவுகளைக் காட்சியாக்குதல் பற்றியது. கோட்டுப்படம், புள்ளிச் சிதறல், நிகழ்வுச் செவ்வகம், நிலப்படம் என அது விரிகிறது. பைதான் மொழியில் நான்கைந்து வரிகள் எழுதினால், பல நூறு எண்கள் கண் இமைக்கும் நேரத்தில் திரையில் உருப்பெற்று நிற்கின்றன.

ஓர் எண்ணுக்கு ஈடாக ஒரு நீளத்தையோ நிறத்தையோ நிறுத்துவது உவமையன்றி வேறென்ன? தொழில், பயன், வடிவு, நிறம் ஆகியவற்றின் வழியே உவமை பிறக்கும் என்பது தொல்காப்பிய உவமவியல் காட்டும் பகுப்பு. பிரான்சு நாட்டு நிலப்பட அறிஞர் ழாக் பெர்த்தேன் 1967இல் வெளியிட்ட நூலில் இடம், அளவு, வடிவு, நிறம், சாய்வு முதலியவற்றை வரைபடத்தின் கருவிகளாக வகுத்தார். வடிவும் நிறமும் இரு பட்டியலிலும் இருப்பது சுவையானது. 1984இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர் இருவர் இக்கருவிகளின் திறத்தை மாந்தர் கண்களைக் கொண்டே சோதித்தனர். ஒரே அளவுகோலின்மேல் நிற்கும் இடத்தைக் கண் செவ்வையாக மதிப்பிடுகிறது. கோணத்திலும் பரப்பிலும் தடுமாறுகிறது. வட்ட விளக்கப்படம் அழகாயிருந்தும் அளவை மறைப்பது இதனால்தான்.

இவ்வளவும் நன்று. குறை, பயிற்சிக்குத் தரப்படும் எண்களில் உள்ளது.

ஆய்வகத்தில் மாணவர் முதலில் சந்திப்பது ஐரிசு மலர்களை. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1936இல் வெளியிட்ட அளவுகள் அவை. மூன்று இனங்கள், 150 மலர்கள். அவற்றை அளந்தவர் எட்கர் ஆண்டர்சன். கனடா நாட்டுக் காசுப்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில் ஒரே நாளில் பறிக்கப்பட்டவை அவற்றுள் இரண்டு இனங்கள். மூன்றாவது வேறிடத்தது. உலகெங்கும் இம்மலர்களைப் புள்ளிகளாக வரைவோரில் எத்தனை பேர் அந்தப் புல்வெளியை நினைத்திருப்பர்?

மலரேனும் பொறுத்துக்கொள்ளும். அடுத்துவரும் தொகுதி அத்தகையதன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமாப் பழங்குடிப் பெண்கள் 768 பேரின் நீரிழிவு விவரங்கள் அதில் உள்ளன. இரத்த அழுத்தத்துக்கு நிகழ்வுச் செவ்வகம் வரைந்தால், சுழியத்தின்மேல் ஒரு தூண் தனியே எழும். 35 பெண்களுக்கு அழுத்தம் சுழியம் என்று பதிவாகியுள்ளது. உயிரோடிருப்பவர்க்கு அது எங்ஙனம் கூடும்? அளவு கிடைக்காத இடத்தில் சுழியம் இடப்பட்டுள்ளது என்பதே பொருள். இன்சுலின் பகுதியில் இத்தகைய சுழியங்கள் 374, ஏறத்தாழப் பாதிப்பேர். இதைக் காட்டிக்கொடுப்பது படமே. அவ்வகையில் படத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அப்பெண்கள் யாவர் என்பதைப் படம் சொல்லாது. அம்மக்கள் தம்மை ஆக்கிமெல் ஓதாம், அதாவது ஆற்று மக்கள் என்று அழைத்துக்கொள்வர். கீலா ஆற்றுப் பாசனத்தால் செழித்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்புறத்துக் குடியேறிகள் நீரைத் திருப்பிக்கொண்டனர்; வயல் காய்ந்தது, உணவு மாறியது. அந்நோயின் வரலாற்றில் ஆற்றின் வரலாறும் கலந்துள்ளது.

ஆறு என்றதும் உள்ளூர் நினைவுக்கு வருதல் இயல்பு. கச்சிராயபாளையத்தை அடுத்து, கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணை நிற்கிறது. முழு உயரம் 46 அடி. கொள்ளளவு சற்றேறக்குறைய 560 மில்லியன் கன அடி. அணையில் 23 அடி நீர் என்று கேட்டவர் பாதி நிரம்பியதாகக் கொள்வர். 23 அடிக்கு ஒரு பட்டை வரைந்தாலும் அவ்வாறே தோன்றும். மலையோரத்து நீர்த்தேக்கமோ அடியில் குறுகி மேலே விரிவது. அண்டாவைப் போன்றதன்று, அகல் விளக்கைப் போன்றது. பாதி உயரத்தில் நிற்பது பாதி நீரினும் மிகக் குறைவு. பட்டையை வரைந்த மாணவர் கணக்கில் பிழை செய்யவில்லை. எனினும் படம் பொய்யாகிறது. அப்படத்தை நம்பி நாற்று விட்டவர்க்கும், ஆண்டு முழுதும் நீர் கேட்கும் கரும்பைக் கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைக்கென நட்டவர்க்கும் நட்டம் மெய்யாக வரும். உயரத்தை விடுத்துக் கன அடியை அச்சில் குறித்தால் இது தீரும். ஏரிக்கரையில் வளர்ந்த எவரும் இதைச் சொல்லித் தருவர்.

இன்னொன்று. கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 முதல் செயற்படலாயிற்று. விழுப்புரத்தின் நெற்பரப்பை ஆண்டுவாரியாகக் கோட்டுப்படமாக்கும் அயலூர் மாணவர், பிரிவினையை அறியாராயின், அங்கே கோடு சரிவதைக் கண்டு வறட்சி என்று எழுதிவிடுவர். வயல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசும் நிலப்படத்தில் வெள்ளிமலைக்கும் சின்னசேலத்துக்கும் ஒரே வண்ணம். மலையில் பெய்த மழையும் சமவெளியின் வெயிலும் சராசரியில் கரைந்து, மலைவாழ் மக்கள் படத்திலிருந்தே மறைந்துபோகின்றனர். வட்டம் வாரியாகப் பிரித்து வரைந்தால் கல்வராயன் மலை மீண்டும் தலைதூக்கும். பொறிக்கு இரண்டும் ஒன்றே. எதை வரைவது என்பதை வரைபவரே துணிய வேண்டும்.

ஆய்வகப் பயிற்சிகளின் வரிசையில் கோமுகியைச் சேர்க்கப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. கச்சிராயபாளையத்தில் பேருந்தை விட்டிறங்கி, அணையில் பொறித்துள்ள அடிக்குறிகளைப் பார்த்து, அங்குப் பணிபுரிவோரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு வந்தால் போதும். சுழியம் என்ற குறி ஆற்றின் தரையில் தொடங்குகிறதா, மதகின் வாயிலிலா? மதகுக்குக் கீழே தேங்கி, வயலுக்கு வாராத நீர் எத்தனை அடி?