வணிகக் கல்வியும் பொதுக் கல்வியும்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. மகனையோ மகளையோ வணிகப் படிப்பில் சேர்ப்பதா, கலைப் படிப்பில் சேர்ப்பதா என்பது அவ்வினா. வணிகம் பயின்றால் பிழைப்புக்கு வழி உண்டு; வரலாறும் இலக்கியமும் பயின்று பயன் என்ன என்று பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், இவ்விரண்டு கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் எண்ணம் அதனுள் மறைந்து கிடக்கிறது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டுவது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனாகையால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று மேனாட்டார் வழங்கும் தொடரைக் 'கலைப் பாடங்கள்' என்று நாம் பெயர்த்து விடுகிறோம். மூலத்தின் உயிர் அதில் முழுதும் வந்துவிடவில்லை. 'லிபர்' என்னும் இலத்தீன் சொல், பிறருக்கு அடிமைப்படாதவனைக் குறிக்கும். உரிமையுள்ள குடிமகன் தானே சிந்தித்துத் தானே முடிவு செய்வதற்கு வேண்டிய பயிற்சி என்பதே அத்தொடரின் கருத்து. இடைக்கால ஐரோப்பாவில் இக்கலைகளை ஏழு என வகுத்தனர். இலக்கணம், சொல்வன்மை, தருக்கம் என்பன மூன்று. எண் கணிதம், வடிவ கணிதம், வானியல், இசை என்பன நான்கு. கணிதமும் இவற்றுள் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலோ கலைகளை அறுபத்து நான்கு என்றனர். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாணபட்டரின் காதம்பரியைச் சுட்டி இதனை நினைவூட்டுகிறது. பாட்டும் ஓவியமும் மட்டுமன்றிக் கணிதமும் தச்சும் அக்கலைகளுள் இடம் பெற்றிருந்தன. தொழில் வேறு, கலை வேறு என்ற வேலி அன்று இவ்வளவு உயரமாக இருக்கவில்லை.

பல்கலைக் கழகத்தில் வணிகம் புகுந்த வரலாறும் இதனையே காட்டுகிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துத் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் என்பார் 1881-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்துக்கு 1,00,000 டாலர் அளித்து ஒரு வணிகப் பள்ளியை நிறுவச் செய்தார். அதுவரை வணிகம் கற்க விரும்பிய இளைஞன் ஏதேனும் ஒரு வியாபார நிலையத்தில் கணக்கெழுதிப் பழகுவதே வழக்கம். வார்ட்டன் விரும்பியது அதனினும் விரிந்த கல்வி. அதனால்தான் அப்பள்ளி தனி நிலையமாக ஒதுங்காமல், பிற துறைகளும் உள்ள ஒரு பல்கலைக் கழகத்தின் அங்கமாகவே அமைந்தது.

காலப்போக்கில் இந்நோக்கம் மங்கியது. வணிகப் பள்ளிகள் பெருகின. கடை நடத்தும் உத்திகளைச் சிறு சிறு பாடங்களாகக் கூறுபோட்டுக் கற்பிப்பதே பல இடங்களில் கல்வியாயிற்று. 1959-இல் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. போர்டு அறக்கட்டளைக்காகக் கார்டனும் ஹவலும் எழுதியது ஒன்று. கார்னகி நிறுவனத்துக்காகப் பியர்சன் எழுதியது மற்றொன்று. பட்டப் படிப்பில் குறுகிய தொழிற்பாடங்களைக் குறைத்துப் பொதுக் கல்வியைப் பெருக்குக என்று இரண்டும் வற்புறுத்தின. அதன் பின்னர்க் கணிதமும் பொருளியலும் வலுப்பெற்றன. மானிடவியற் கல்வி அந்த அளவு வலுப்பெறவில்லை.

2011-இல் கார்னகி கல்வி அறநிறுவனம் வெளியிட்ட ஆய்வு நூல் மற்றொரு குறையைச் சுட்டியது. உடற்பயிற்சிக் கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு குண்டுகள் இருப்பதுபோல, ஒரு பக்கம் வணிகப் பாடமும் மறுபக்கம் கலைப் பாடமும் தொடர்பின்றிக் கிடக்கின்றன என்றது அந்நூல். இரண்டையும் முறுக்கி ஒரே கயிறாக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பகுத்தாராய்தல், ஒரே பொருளைப் பல நோக்கில் காணுதல், வாழ்வின் பொருளை எண்ணிப் பார்த்தல், நடைமுறையில் நல்ல முடிவெடுத்தல் என நான்கு திறன்களையும் அது வகுத்துரைத்தது.

இரண்டாவது திறனுக்கு ஓர் உதாரணம் கூறலாம். ஆற்றங்கரையில் ஒரு சாயப் பட்டறை இருக்கிறது. அதன் கணக்கேட்டில் சாயத்தின் விலை உண்டு, கூலி உண்டு, லாபம் உண்டு. கெட்டுப்போன கிணற்றுக்கும் விளையாத வயலுக்கும் அவ்வேட்டில் பத்தி இல்லை. கணக்கு மட்டும் கற்றவனுக்கு ஏடு சரியாகவே தோன்றும். பொருளியல் கற்றவன், இச்செலவைச் சுமப்பவர் யார் என்று கேட்பான். அவ்வூரின் வரலாறு அறிந்தவன், முன்பு அங்கு எப்படி வாழ்ந்தனர் என்பதை எடுத்துரைப்பான். அறநூல் கற்றவன், இது தகுமா என்பான். இவ்வினாக்கள் அனைத்தையும் ஒருவனே கேட்கப் பழக வேண்டும். அதற்காகவே இரு கல்வியும் இணைய வேண்டும்.

இந்தியாவுக்கு இது புதிதன்று. பம்பாயில் 1913-இல் தொடங்கிய சிடனம் வணிகக் கல்லூரியில், 1918-இல் அரசியற் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பொருளியலோடு வரலாறு, சமூகவியல், தத்துவம் ஆகியவற்றையும் பயின்றவர் அவர். அண்மைக் காலத்தில், இந்தோரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம் 2011-இல் ஐந்தாண்டுப் படிப்பொன்றைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்து வருவோர், முதல் மூன்றாண்டுகளில் கணிதம், பொருளியல், மொழி, மானிடவியல் முதலியவற்றைக் கற்று, அதன் பின்னரே மேலாண்மையின் உயர்நிலைப் பாடங்களுக்குச் செல்கின்றனர்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். இலக்கியம் படித்தவரெல்லாம் யோக்கியராகி விடுவரோ? ஆகார். சத்தியம் நிறுவனத்தின் கணக்குகள் பொய் என்பதை 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்டபோது நாடு திகைத்தது. இன்னும் நான்கு பாடங்களைப் பயின்றிருந்தால் அது நேர்ந்திராது என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. அங்கே குறைவாயிருந்தது கணக்குத் திறமையன்று. திறமையை எதற்குப் பயன்படுத்துவது என்ற வினாவைக் கணக்குப் பாடம் தானாக எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பும் வகுப்பு மாணவனுக்கு எங்கேனும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். வணிகர்க்குரிய நெறியைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது இங்கு நினைக்கத் தக்கது.

ஆகவே, பிள்ளைகளை வணிகப் படிப்பில் சேர்க்கும் பெற்றோர் தயங்க வேண்டுவதில்லை. ஆனால் சேர்க்குமுன், அக்கல்லூரியில் வேறு என்ன கற்பிக்கின்றனர், அதை யார் கற்பிக்கின்றனர், தேர்வுக்கு மட்டும் கற்பிக்கின்றனரா என்று விசாரித்தறிவது நலம். நாளை அப்பிள்ளைகள் பிறருடைய பணத்தையும் உழைப்பையும் கையாளப் போகிறவர்கள். அவர்கள் எவ்வளவு கற்றனர் என்பதில் அவர்களுக்கு மட்டுமன்று, நமக்கும் பங்கு உண்டு.