நின்ற பிறகும் ஆடும் கை

(நம் சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரோபோ பற்றிக் கொஞ்சம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். அதன் கை ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு நாள், ரோபோ கை கண்ணாடித் தகடு ஒன்றை இடம் மாற்றியது. மோட்டார் நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. கையின் நுனியோ இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தகடு விளிம்பில் மோதி உடைந்தது. திரை சொன்னது பொய்யில்லை. சென்சார் இருந்தது மோட்டாரில். கையின் நுனியில் அல்ல. இரண்டுக்கும் நடுவே மூட்டிலுள்ள கியர் ஸ்பிரிங் போலக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது.

1981 நவம்பரில் கொலம்பியா விண்கலத்தில் முதன்முதலாகப் பறந்த 'கனடாஆர்ம்' 15 மீட்டர் நீளக் கை. நகர்த்தி நிறுத்தினால், ஆட்டம் அடங்கும்வரை விண்வெளி வீரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கையைக் கனமாக, விறைப்பாகச் செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் ஆள்மீது பட்டால் அடி பலமாக விழும். மனிதர் பக்கத்தில் வேலை செய்யும் கை லேசாக இருப்பதே நல்லது.

ஆட்டத்தை அடக்க ஒரு வழி உண்டு. வீட்டிலேயே செய்து பாருங்கள். சாவிக்கொத்தை ஒரு மீட்டர் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கையைச் சட்டென்று 20 செ.மீ. நகர்த்தினால் சாவி ஆடும். இப்போது 10 செ.மீ. மட்டும் நகர்த்துங்கள். சரியாக ஒரு விநாடி கழித்து, சாவி மறுகோடிக்கு வந்ததும், மீதி 10 செ.மீ. நகர்த்துங்கள். சாவி அநேகமாக அப்படியே நின்றுவிடும். முதல் அசைவு கிளப்பிய ஆட்டத்தை இரண்டாவது அசைவு அழித்துவிடுகிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிங்கரும் சீரிங்கும் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ரோபோவுக்குத் தரும் கட்டளையை இப்படிப் பிரித்துத் தரும் முறையைப் பற்றியதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. கை தூக்கும் பாரம் மாறினால் ஆடும் வேகமும் மாறும்; போட்ட கணக்கு தப்பும். யாராவது இடித்துவிட்டால் இந்த முறை உதவாது. அதனால்தான் ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய லேசான கையில், மூட்டுக்கு மூட்டு முறுக்குவிசையை அளக்கும் சென்சார் உண்டு. ஆட்டத்தை உடனுக்குடன் உணர்ந்து, மோட்டார் எதிர்விசை கொடுக்கும்.

நாளை ஒரு ரோபோ கை நம் வீட்டுப் பெரியவருக்குத் தண்ணீர் டம்ளர் நீட்டலாம். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "மோட்டார் நின்றதும் கை நிற்குமா?"