கூடிப் பாடுதல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கூட்டுப் பிரார்த்தனைக் குழுவைப் பற்றிப் பேசுமாறு உங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டார். யான் சங்கீத வித்துவான் அல்லேன். ஊர்ப் பஜனைக் கூட்டத்திலே தாளம் தட்டிப் பாடிப் பழகியவன். அந்தப் பழக்கத்திலே கற்ற ஒன்றையே இங்கு கூற விரும்புகின்றேன்.

கூடிப் பாடுவது நமக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் முழக்க ஒருவரையும் முதலாம் இராசராச சோழன் நியமித்தான். அந்த 50 பேரில் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கும்படி கல்வெட்டுக் கூறுகின்றது. நமது குழுவிலோ நெல்லும் இல்லை, சம்பளமும் இல்லை. பயிற்சி முடிந்தால் ஒரு பேணி கோப்பி கிடைக்கும். அதுவும் வீட்டுக்காரர் மனத்தைப் பொறுத்தது. கூலியின்றி வருபவனை வரச் செய்வது எது? தான் அங்கே வேண்டப்படுகின்றவன் என்ற எண்ணமே.

கூடிப் பாடுவதிலே இடர்கள் பல உண்டு. ஆண்குரல் ஒரு கட்டையிலே நிற்க, பெண்குரல் ஐந்து கட்டையை நாடும். இடையிலே ஒரு சுருதியைத் தேர்ந்தால் இரு பாலாரும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒருங்கே மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். ஒருவன் மூச்சு வாங்கும்போது பக்கத்திலே நிற்பவன் அடியைத் தாங்க வேண்டும். ஆகவே, பக்கத்துக் குரலைக் கேட்கும் செவியே இங்கு முதற் தேவை. எனக்கோ நல்ல குரல் இருந்தது. அந்தச் செவி இருக்கவில்லை.

1974ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் அயலூரிலே ஒரு பண்ணிசைப் போட்டி நடந்தது. எங்கள் குழுவிலே குரல் உடையும் பருவத்துப் பொடியன் ஒருவன் இருந்தான். விடியற்புறப் பஜனைக்குப் பெற்றோல்மாக்ஸ் விளக்குத் தூக்குபவனும் அவனே. “தம்பி, மேடையிலே நீர் வாயை அசைத்தாற் போதும், சத்தம் வேண்டாம்” என்று யான் சொன்னேன். அவன் அப்படியே செய்தான். இரண்டாம் பரிசு பெற்றோம்.

மார்கழி வந்தது. திருவெம்பாவையின் முதல் நாள், சங்கும் சேமக்கலமும் வந்தன, விளக்கு வரவில்லை. இருட்டிலே ஒழுங்கை ஒழுங்கையாகத் தடுமாறி நடந்தோம். மூன்றாம் நாள் ஒரு முதியவர் என்னிடம், “தம்பி, என்ன பாட்டுப் பாடுகிறீர் என்று யோசித்துப் பார்த்தீரோ?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று திருவெம்பாவையைப் பொருளோடு படித்தேன். 20 பாடல்களின் முற்பகுதியிலே பெண்கள் வீட்டுக்கு வீடு சென்று உறங்குபவளை அழைக்கின்றார்கள். ஒருத்தி, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று படுக்கையிற் கிடந்தே வினவுகின்றாள். நீயே வந்து எண்ணிப் பார், குறைந்தால் மறுபடி உறங்கு என்கின்றார்கள். யான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் கூட்டத்திலே ஒருவன் குறைந்திருந்தான். அவனைக் குறைத்தவன் நானே.

மறுநாள் விடிய நான்கு மணிக்கு அவன் வீட்டுப் படலையிலே நின்று கூப்பிட்டேன். வெளியே வந்து, “அண்ணை, நான் பாடலாமோ?” என்றான். “பாடும் தம்பி” என்றேன். விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்தான். அவன் குரல் இடையிடையே பிசகியது. இரு பக்கமும் நிலைத்த குரல்கள் நின்றன; பாட்டு அறுந்துபோகவில்லை.

இளைஞர்களே, இன்று ஒலிபெருக்கியிலே பதிவுசெய்த திருவெம்பாவை ஒரு பிழையுமின்றி ஒலிக்கின்றது. ஆயினும் அஃது எவருடைய படலையிலும் நின்று கூப்பிடுவதில்லை. பண்ணை நன்றாகப் பயிலுங்கள், சொற்பிழை நேராது பாடுங்கள், போட்டிக்கும் செல்லுங்கள். குரல் குறைந்தவனை இரு நல்ல குரல்களுக்கு நடுவே நிறுத்துங்கள். ஒருபோதும் வாயை மாத்திரம் அசைக்கச் சொல்லாதீர்கள். பாடத் தொடங்குமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யாரேனும் குறைந்தால், போய்க் கூப்பிடுங்கள்.