ஜூன் மாதமும் வாடகை உண்டு
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. மிச்சமிருக்கும் ஐந்து நிமிடத்தைச் செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

சென்னைக்குப் புத்தகம் புதிதல்ல. அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் 1844-இல் தொடங்கியது. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பேரம் பேசிப் பழைய புத்தகம் வாங்கிய அந்த இடம் 1985-இல் தீயில் போனது. 1977 முதல் புத்தகக் காட்சி நடக்கிறது. இப்போது பொங்கல் சமயத்தில் நந்தனத்தில் கால் வைக்க இடமிருக்காது. நாமும் வேன் பிடித்துப் போகிறோம், பத்து சதவீதத் தள்ளுபடியில் பை நிறைய வாங்குகிறோம், பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புகிறோம்.

ஆனால் புத்தகக் கடைக்காரருக்கு ஜூன் மாதமும் வாடகை உண்டு.

நம் பின் தெருவில், தையற்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கடையைத்தான் சொல்கிறேன். பதிப்பகம் தரும் கழிவில்தான் அவர் வாடகையும் கரண்ட் பில்லும் கட்ட வேண்டும். அந்தக் கழிவை இணையத்தில் வாங்குபவருக்கே விட்டுக்கொடுக்கிறார்கள். அவரால் முடியாது.

போன வருடம் நானே அங்கே அரை மணி நேரம் ஒரு நாவலைப் புரட்டிவிட்டு, அட்டையைப் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து ஆர்டர் போட்டேன். ஐம்பத்தைந்து ரூபாய் மிச்சம். அடுத்த முறை போனபோது, "சார், அந்த நாவல் எப்படி இருந்தது?" என்றார். பார்த்திருக்கிறார்! கோபமே இல்லை. பேசிக்கொண்டே, நான் கேள்விப்பட்டிராத ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். அதை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டேன்.

மார்ச்சில் அவருடைய வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா என்று யோசிக்கிறார்.

பொங்கல் போட்டிக்கு வருடாவருடம் பிளாஸ்டிக் டப்பா பரிசு கொடுக்கிறோம். எல்லார் வீட்டு அலமாரியிலும் அது போதுமான அளவு இருக்கிறது. இந்த முறை ஜெயித்த பிள்ளைகளை அந்தக் கடைக்கே கூட்டிப்போவோம், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். தயவுசெய்து தள்ளுபடி கேட்க வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு மாலை நம் ஹாலில் அவர் ஒரு மேசை போட அனுமதி கொடுக்கலாம். இரண்டையும் பொருளாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு தவிர, இரவு எட்டரை வரை கடை திறந்திருக்கும். படி கொஞ்சம் செங்குத்து. மூட்டுவலிக்காரர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் அவரே இறங்கி வருவார்.