ஒரு குடும்பப் பெயரின் கதை



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மில் பலருக்கும் ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ, பயணச் சீட்டு பெறவோ படிவம் ஒன்றை நிரப்புகிறோம். “குடும்பப் பெயர்” என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் எழுத்தர் திருப்பித் தருகிறார். வேறு வழியின்றி நம் பெயரையே அதில் எழுதுகிறோம். ஒரு நாள் நம் மகள் கேட்டாள்: “அப்பா, பள்ளியில் என்னை உங்கள் பெயர் சொல்லி அழைக்கிறார்களே, என் பெயர் எங்கே போயிற்று?” அன்று நமக்கு விடை தெரியவில்லை. ஹைதராபாத்தில் நாம் அறிந்த பழைய கதை ஒன்றை இன்று சொல்வதற்கு அந்தக் கேள்வியே காரணம்.

ஹைதராபாத்தின் கோட்டிப் பகுதியில், உயர்ந்த தூண்களோடு வெள்ளை மாளிகை ஒன்று இருக்கிறது. இன்று அது மகளிர் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவித்தவர் ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பாட்ரிக். நிஜாமின் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, ரெசிடெண்ட் என்னும் பதவியில் இருந்தவர். அவர் பிறந்தது 1764இல், நம் சென்னைப் பட்டணத்துப் புனித ஜார்ஜ் கோட்டையில்.

முதலில் இந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். “கிர்க்” என்றால் கிறிஸ்தவக் கோயில். ஆங்கிலத்தில் “சர்ச்” என்று வழங்குவதும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. வடகடல் வழியே வந்து குடியேறிய நார்வே நாட்டார் மொழியின் உருவம் அது. “பாட்ரிக்” என்பது புனித பாட்ரிக் என்னும் அடியாரின் பெயர். ஆகவே “பாட்ரிக் கோயில்” என்பது பொருள். ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், டம்ஃப்ரீஸ் வட்டாரத்தில், அப்படி ஓர் இடம் இருந்தது. அங்கிருந்தோர் அந்தப் பெயரைத் தம் குடும்பத்துக்குச் சூட்டிக்கொண்டனர். நாகர்கோவில், காளையார்கோவில் என்பவை நமக்கு ஊர்ப்பெயர்கள் அல்லவா? அத்தகைய பெயர்தான் அங்கே குடும்பப் பெயராயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் இன்னொரு சுவையும் தென்படுகிறது. நார்வேயர் மொழி முறைப்படி அடியாரின் பெயர் முன்னும் “கிர்க்” பின்னும் வரவேண்டும். இங்கோ முறை மாறியிருக்கிறது. கேலிக் மொழியில்தான் கோயில் என்னும் சொல் முன்னே வரும். சொல் ஓர் இனத்தாருடையது. சொற்களின் வரிசை வேறோர் இனத்தாருடையது. இரு இனத்தார் கலந்து வாழ்ந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி.

ஆங்கில நாட்டிலும் குடும்பப் பெயர்கள் ஆதிமுதல் இருந்தவை அல்ல. 1066இல் நார்மானியர் வென்ற பின்னர்தான், சில நூற்றாண்டுகளில், அவை மெல்ல நிலைபெற்றன. கொல்லன் ஸ்மித் ஆனான்; ஜானின் மகன் ஜான்சன் ஆனான். எருசலேமுக்கு யாத்திரை சென்று பேரீச்ச ஓலையோடு திரும்பியவன் பாமர் ஆனான். அதே பாமர் என்னும் பெயரோடு ஹைதராபாத்தில் ஒரு வணிக நிறுவனம் நிஜாம் அரசுக்குப் பெருங்கடன் கொடுத்து வாங்கியதும் சரித்திரம்.

மீண்டும் கிர்க்பாட்ரிக்கிடம் வருவோம். 1798இல் அவர் நிஜாமுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். அதன்படி கம்பெனிப் படை பெருகி வந்து தங்கியது. அதிலிருந்தே செகந்தராபாத் வளர்ந்தது. சென்னைப் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் வந்தனர். இந்நகரில் தமிழர் குடியேறிய வரலாற்றில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

நிஜாம் அவருக்கு ஹஷ்மத் ஜங் என்று பட்டம் அளித்தார். அவர் ஹைதராபாத்துப் பிரபு குலத்துப் பெண் கைருன்னிசாவை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். வீட்டில் அவர்கள் சாகிப் ஆலம், சாகிப் பேகம். 1805இல் கல்விக்காக இருவரையும் சென்னை வழியே இங்கிலாந்துக்கு அனுப்பினர். கப்பலேறுமுன் சென்னையில் ஜார்ஜ் சின்னரி என்ற ஓவியர் ஹைதராபாத் உடையில் அவர்களை ஓவியமாகத் தீட்டினார். அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தந்தை கல்கத்தாவில் இறந்தார். தாயை அவர்கள் மறுபடி காணவேயில்லை. அவர் 1813இல் மறைந்தார்.

லண்டனில் ஞானஸ்நானம் பெற்று, அவர்கள் வில்லியம் ஜார்ஜ் கிர்க்பாட்ரிக் என்றும் காதரின் அரோரா கிர்க்பாட்ரிக் என்றும் ஆயினர். பழைய பெயர்கள் ஏட்டிலிருந்து நீங்கின. 1829இல் மகள் பிலிப்ஸ் என்பவரை மணந்தபோது கிர்க்பாட்ரிக் என்பதும் போயிற்று. ஆனால் பெயர் போனாலும் நினைவு போகவில்லை. பிரிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஹைதராபாத்தில் உயிரோடிருந்த தாய்வழிப் பாட்டி ஷரஃபுன்னிசாவோடு அவர் கடிதத் தொடர்பு கொண்டார். பேத்திக்குத் தெரிந்தது ஆங்கிலம். பாட்டியின் கடிதங்களோ பாரசீகத்தில் எழுதப்பட்டன. இடையே யாரோ ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளரை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஒரே குடும்பத்தின் பாட்டியும் பேத்தியும் பேச, நம்மைப் போன்ற அயலான் ஒருவன் தேவைப்பட்டான்!

நேயர்களே, படிவத்தின் கட்டத்தில் என்ன எழுதுகிறோம் என்பது சிறிய காரியம். தெலுங்கு நண்பர்கள் வீட்டுப் பெயரை முன்னே வைப்பர். சர்வேபள்ளி என்ற ஊர்ப்பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு முன்னே நின்றது. நாமோ ஊரையும் தந்தையையும் ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே வைத்தோம். இன்று தந்தை பெயரை விரித்துப் பின்னே வைக்கிறோம். இதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அந்த எழுத்து எந்த ஊரைக் குறித்தது, அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டால், அதை எந்த ஏடும் பின்னர் எடுத்துக் கொடுக்காது. அதைத் தமிழிலேயே சொல்வோமானால், நாளை நம் பேரப்பிள்ளைகள் பாட்டியோடு பேச மொழிபெயர்ப்பாளரைத் தேடவேண்டி வராது.

அன்று மாலை நம் மகளை அருகில் அமர்த்தி, நம் பெயருக்கு முன்னுள்ள எழுத்தின் ஊரையும், அங்கே வாழ்ந்த அவளுடைய கொள்ளுப்பாட்டியையும் பற்றிச் சொன்னோம். அவள் தன் குறிப்பேட்டில் அந்த ஊரின் பெயரை முழுமையாகத் தமிழில் எழுதிக்கொண்டாள்.