உயர்நிலைப் பள்ளியை மதிப்பிடும் முறை

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை இனி எப்பள்ளியிற் சேர்ப்பது என்னும் வினா, ஆண்டுதோறும் சித்திரை வைகாசித் திங்கள்களில் நம்மவர் இல்லங்களில் எழுகின்றது. பிழைப்பு நாடி இச்சிறு நகரத்திற் புதிதாகக் குடியேறுவோரும் இதனையே முதற்கண் வினவுகின்றனர். ஆதலின், நம் ஊர் போன்ற ஊர்களிலுள்ள அரசினர் உயர்நிலைப் பள்ளியை மதிப்பிடும் வகை குறித்துச் சில கூறுமாறு செயலாளரவர்கள் எம்மைப் பணித்தனர்.

யாம் அரசினர் பள்ளியிற் தமிழ் கற்பிக்கும் தொழிலுடையோம். ஆகவே எம் சொல் ஒருபாற் சாய்ந்தது என ஐயுறுவோரும் இருக்கலாம். ஐயுறுதல் நன்றே. யாம் கூறப்போவன யாவும் நீங்கள் நேரிற் சென்று கண்ணாற் கண்டு, விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கத் தக்கனவே.

உழவுமாடு வாங்கச் சந்தைக்குச் செல்வோன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழி பார்க்கின்றான், நாலடி நடத்திப் பார்க்கின்றான். பெண் கொள்வோர் பலநாள் விசாரிக்கின்றனர். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்குங்காலை மட்டும் நாம் பார்ப்பன யாவை? வாயிலில் நிற்கும் மஞ்சள் வண்டி, கழுத்துப்பட்டை, காலணி, ஆங்கிலப் பெயர் ஆகிய இவையே. இவற்றிற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தோரும் நம்முள் உளர். பணம் செலவிடுதல் குற்றமன்று. எதற்குச் செலவிடுகின்றோம் என்று அறியாமையே குற்றம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். மெட்ரிகுலேசன் பள்ளிக்குத் தனிப் பாடத்திட்டம் இருந்த காலம் கழிந்தது. 2010 ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டத்தின்படி, 2011 முதல் பத்தாம் வகுப்பு முடிய மெட்ரிகுலேசன் பள்ளிக்கும் அரசினர் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே; பொதுத்தேர்வும் ஒன்றே. ஆகவே உயர்ந்த பாடம், தாழ்ந்த பாடம் என்னும் பேச்சு இவ்விரு வகைப் பள்ளிகட்கிடையே பொருளற்றது. வேறுபாடு உளதாயின், அது கற்பிக்கும் முறையிலும் பிள்ளையை நடத்தும் முறையிலும் இருத்தல் வேண்டும். அதனையே நாம் ஆராய்தல் வேண்டும்.

பெற்றோர் பெரிதும் நம்புவது தேர்ச்சி விழுக்காட்டை. இதிற்றான் ஏமாற்றம் மிகுதி. ஒன்பதாம் வகுப்பில் 60 பிள்ளைகளைக் கொண்ட ஒரு பள்ளி, அவருள் படிப்பில் மெலிந்த 12 பேருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றிவிட்டு, எஞ்சிய 48 பேரை மட்டும் தேர்வுக்கு அனுப்புகின்றது எனக் கொள்வோம். 48 பேரும் தேறினால் வாயிலில் நூற்றுக்கு நூறு என்னும் பலகை தொங்கும். மற்றொரு பள்ளி 60 பேரையும் தேர்வெழுதச் செய்து, 54 பேர் தேறினர் எனில், அதன் விழுக்காடு தொண்ணூறே. எப்பள்ளி சிறந்தது? முன்னது கரையேற்றியவர் 48 பேர். பின்னது கரையேற்றியவர் 54 பேர். கைவிடப்பட்ட பன்னிருவரும் எங்குச் செல்வர்? பெரும்பாலும் அரசினர் பள்ளியின் வாயிலுக்கே வருவர். அவர்தம் தோல்வியும் அப்பள்ளியின் கணக்கிலேயே ஏறும்.

ஆகலின், எப்பள்ளிக்குச் சென்றாலும் எத்தனை விழுக்காடு என்று கேளாதீர்கள். ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோர் எத்தனை பேர், அவருள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினோர் எத்தனை பேர், இடையிற் போனோர் எங்குப் போயினர் என்று கேளுங்கள். விடை கூறத் தயங்கும் தலைமையாசிரியரிடம் வேறொன்றும் கேட்க வேண்டுவதில்லை. முதலிடம் பெற்றோரை வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டரசு 2017 இல் நிறுத்தியது. நாம் நம் மனத்தில் இன்னும் நிறுத்தவில்லை.

இரண்டாவது, ஆசிரியர் நிலை. ஈண்டு அரசினர் பள்ளியின் குறையையும் மறையாது கூறுவோம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்திற்கும் ஆசிரியர் உளரா என்று பாருங்கள். இல்லையெனின், எப்பொழுதிலிருந்து இல்லை என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பிற் கணக்காசிரியர் இன்றிக் கழிந்த ஓராண்டைப் பத்தாம் வகுப்பில் ஈடு செய்வது எளிதன்று. கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் இரண்டாண்டாக ஆசிரியரே இல்லாத பள்ளி, அந்நிலை மாறுங்காறும் தகுதியுடையதன்று என்று யாமே கூறுவோம். நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கங் கொண்ட யூடைஸ் எண் ஒன்று உண்டு. அதனைக் கொண்டு ஆசிரியர் தொகை, வகுப்பறை, கழிவறை முதலிய விவரங்களை எவரும் இணையத்திற் காணலாம். எனினும் ஏட்டிலுள்ளது வேறு, கண்ணிற் காண்பது வேறு. இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, நேரிற் காண்பன. பெண் பிள்ளைகளின் கழிவறையைத் தாய்மார்களே சென்று பார்த்தல் வேண்டும். கதவிற்குத் தாழ் உண்டா, குழாயில் நீர் வருகின்றதா என்று பாருங்கள். நீரில்லாப் பள்ளியிற் பருவமெய்திய பெண் திங்கள்தோறும் சில நாள் வகுப்பை இழப்பாள். அக்குறை மதிப்பெண்ணாக வெளிப்படுங்கால் அவள் அறிவின்மேற் பழி விழும். ஆய்வுக்கூடத்துப் பூட்டு துருவேறி இருக்கின்றதா, நூலகத்தில் நூல் வழங்கும் பதிவேட்டில் இவ்வாண்டுத் தேதிகள் உள்ளனவா என்றும் காணுங்கள். பின்னர் எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்றை அழைத்து, அது முன் பாராத ஒரு பக்கத்தைப் படிக்கச் செய்து, பொருளைத் தன் சொல்லிற் கூறச் செய்யுங்கள். முன் வரிசைப் பிள்ளையை வேண்டா. கடைசி வரிசைப் பிள்ளையை அழையுங்கள். அப்பிள்ளை தடுமாறியேனும் படித்துப் பொருள் கூறுமாயின், அங்கு ஆசிரியர் வேலை செய்கின்றனர் என்பது உறுதி.

நான்காவது, பள்ளிக்குப் பின் உள்ள வழி. உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். அடுத்த மேல்நிலைப் பள்ளி எத்துணைத் தொலைவு, பேருந்து எந்நேரம், அங்கு எப்பாடப் பிரிவுகள் உள்ளன என்பவற்றை ஆறாம் வகுப்பிற் சேர்க்கும்போதே அறிதல் வேண்டும். பத்தாம் வகுப்போடு பெண்களின் படிப்பு நின்றுபோதற்கு, பல வீடுகளில், அறிவுக் குறை காரணமன்று. மாலைப் பேருந்தின்மையே காரணம்.

இதனோடு இயைந்த மற்றொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசினர் பள்ளியிற் பயின்று நீட் தேர்விலும் தேறியோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாட்டரசு 2020 இல் சட்டத்தாற் தனியே ஒதுக்கியது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகட்கும் 2021 இல் இவ்வொதுக்கீடு விரிந்தது. எட்டாம் வகுப்பு வரை அரசினர் பள்ளியிற் படித்த பிள்ளையை, தேர்வு அருகுகின்றது என்று அஞ்சி ஒன்பதாம் வகுப்பிற் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர், இவ்வுரிமையையும் உடன் இழக்கின்றனர். மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவதாகக் கூறுவது சங்க மேடையிற் கூறத் தயங்கத்தக்கது; எனினும் ஈண்டுக் கூறாது வேறெங்குக் கூறுவது? 2023 ஆம் ஆண்டு நாங்குநேரியில் பள்ளி மாணாக்கர் சிலர், தம்முடன் பயிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை அவன் வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணாக்கர் அணிதலாகாது என 2024 இல் அறிக்கை தந்தது. ஆகவே, நீங்கள் பள்ளிக்குச் சென்றால் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். மதிய உணவு வேளையில் யார் யாருடன் அமர்ந்து உண்கின்றனர் என்று பாருங்கள். எல்லாரும் கலந்து உண்ணும் பள்ளி நற்பள்ளி. ஆனால் அக்கயிற்றைக் கட்டிவிடுவோர் ஆசிரியர் அல்லர், வீட்டாரும் வீதியாருமே. நம் பிள்ளைகளின் கையில் அஃது உளதாயின், அப்பள்ளியின் குறைக்கு நாமே காரணராவோம். நம் வகுப்பார் ஒருவரையொருவர் தாங்குதற்கே இச்சங்கம் உளது. பிறர் பிள்ளையை ஒதுக்குதற்கு அன்று.

இவ்வாறு பார்த்தபின் குறை காணின் யாது செய்வது? விலகிப் போதல் ஒரு வழி. வசதியுடையோர் அனைவரும் அவ்வழியே சென்றால், கேட்பாரற்ற பிள்ளைகளே பள்ளியில் எஞ்சுவர்; கேட்பாரற்ற பள்ளிக்கு ஆசிரியரும் வாரார், நீரும் வாராது. 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராகவும், மொத்தத்திற் பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும் என்கின்றது. அக்குழுக் கூட்டத்திற்கு நம்மவருள் எத்தனை பேர் சென்றனர்? ஆசிரியப் பணியிடம் காலி என்று திண்ணையிற் பேசுவதினும், குழுவில் தீர்மானம் இயற்றி மாவட்டக் கல்வி அலுவலர்க்கு அனுப்புதல் பயனுடையது.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்கு நாம் பரிசளித்து, இவ்விதழிற் படமும் வெளியிடுகின்றோம். இனி, முதன்முறை தவறித் துணைத்தேர்வெழுதித் தேறிய பிள்ளைகட்கும் ஒரு பரிசு வைத்தல் வேண்டும். அவ்வாறு ஒரு வரிசை நம் இதழில் அச்சேறுமாயின், தோற்ற பிள்ளையைக் கைவிடாத பள்ளி எது என்பதும் அதனருகே அச்சேறும். பள்ளி தேடி வரும் புதுக்குடியினர் அதனைக் கண்டே அறிந்துகொள்வர்.