ஓர் 'ஈ' செய்த வேலை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்தைப் பற்றிச் சிறுவயதில் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதினேன். 'ஹோலி குறொஸ்' என்று எழுதும்போது எல்லுக்கும் வைக்கும் நடுவே ஓர் 'ஈ' வந்து குந்திவிட்டது. "சிலுவையில் ஓட்டையா?" என்று கேட்டார் படிப்பித்தவர். வகுப்பே சிரித்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. அதன்பின் நெடுநாள் நானாக ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதவில்லை.

இந்தப் பள்ளிக்கு வந்தபின் ஓர் ஆசிரியை கரும்பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டினார். 'ஈ' இல்லாத ஹோலி, புனிதமானது. 'ஈ' உள்ள ஹோலி, ஓட்டை விழுந்தது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. முன்னையது முழுமையைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. பின்னையது துளையைக் குறிக்கும் சொல்லின் பிள்ளை. ஸ்டோன், 'ஸ்டோனி' ஆகும்போது 'ஈ' மறைந்துவிடும். இங்கோ, புனிதத்தோடு மயங்காதிருக்க அது நிலைத்துவிட்டது.

பயன்படுத்தும் இடமும் முக்கியம். பொத்தல் விழுந்த காலுறைதான் 'ஹோலி'. தோடு போடும் காது 'பியேர்ஸ்ட்'. கிழித்தெடுக்க வரிசையாகத் துளையிட்ட முத்திரைத்தாள் 'பேர்போரேற்றட்'. 1840இல் பிரித்தானியா வெளியிட்ட முதல் தபால் முத்திரைகளில் அத்துளைகள் இல்லை, கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள். தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. வாளியில் இருப்பது ஓட்டை. இடியப்ப உரலில் இருப்பது துளை. ஒன்று பழுது, மற்றது பயன்.

கேள்வியறிவால் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்டாலும் செவிடுதான் என்கிறது 418ஆம் திருக்குறள். தோட்டுக்காக நம் காதுகளை வீட்டில் குத்தினார்கள். அறிவுக்காகத் துளைத்தது இந்தப் பள்ளி. அன்று சிரிப்பால் அடைபட்ட என் காது, அந்த ஆசிரியையின் பத்து நிமிட விளக்கத்தில் திறந்தது.

இன்று நம்மில் பலர் தாய்மார், ஆசிரியைகள். பிள்ளை ஓர் எழுத்தைப் பிழைவிட்டால் சிரிக்க முன்னர் ஏன் பிழை என்று சொல்லிக்கொடுப்போம். இந்தப் பள்ளிக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.